அந்தக் கட்டுரையில் இல்லாத காபி

நான் எழுதுவது சரியா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. பத்தாம் வகுப்போடு நின்றவன். தி. நகரில் ஒரு பாத்திரக் கடையில் எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டுவதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் வேலை. துண்டுச் சீட்டில் என்ன எழுதிக் கொடுக்கிறார்களோ அதை அப்படியே குடத்தின் கழுத்திலோ தட்டின் விளிம்பிலோ வெட்டுவேன். ஒரு எழுத்து கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். சொந்தமாக ஒரு பத்தி எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்கவும் வராது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மனைவி செத்த கதையை மற்றவர்கள் ஆளுக்கு ஒரு விதமாக எழுதிவிட்டார்கள். அதனால்தான் நானும் உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அரசாங்கமே நடத்திவந்த இன்சூரன்ஸ் தொழிலில் தனியாரை விடலாமா கூடாதா என்று டெல்லியில் சண்டை. அந்தச் சண்டை பத்திரிகையிலும் இருந்தது, பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் இருந்தது. எனக்கு அதில் ஒரு அபிப்பிராயமும் கிடையாது. இன்றைக்கும் கிடையாது.

நாங்கள் மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான், மனைவி, ஒரே மகள். எங்கள் தெருவுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓர் அம்மா மொபெட்டில் வருவார். எல்லாரும் அவரைப் பாலிசி அம்மா என்றுதான் கூப்பிடுவோம். கணவர் இல்லாதவர். மொபெட்டில் ஒரு கறுப்பு ரெக்சின் பை தொங்கும். அதில் இரண்டு அறை. ஓர் அறையில் இன்சூரன்ஸ் படிவங்கள், இன்னொன்றில் ஜாதக ஜெராக்ஸ்கள். இன்சூரன்ஸ் ஏஜென்டும் அவர்தான், கல்யாணத் தரகரும் அவர்தான். யாருக்கு என்ன வயது, என்ன சம்பளம், என்ன நோய் என்று விசாரித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்றால் இரண்டு வேலையையும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

என் மனைவிக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை வியாதி. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி வருவோம். மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து அவள் வீட்டில் ஒரு சட்டம் போட்டாள். சர்க்கரை என்ற பேச்சே வெளியே போகக் கூடாது. அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும், பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்பது அவள் பயம். மாத்திரை அட்டைகள் துவரம்பருப்பு டப்பாவுக்குள் போயின. முக்கியமாகப் பாலிசி அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அவருக்குத் தெரிந்தால் வடபழனி முதல் திருவல்லிக்கேணி வரை தெரிந்த மாதிரி.

அதனால் பாலிசி அம்மா வரும்போதெல்லாம் என் மனைவி சர்க்கரை போட்ட காபி குடித்தாள். எங்களுக்கு ஒரு ஸ்பூன் என்றால் தனக்கு ஒன்றரை. அவர் எதிரிலேயே உட்கார்ந்து, டம்ளரை ஆற்றி, கடைசி வாய் வரை குடிப்பாள். அவர் படி இறங்கிய பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்துவிடுவாள்.

வடபழனி வரனின் ஜாதகத்தைக் கொண்டுவந்த அன்றே பாலிசி அம்மா மருத்துவ இன்சூரன்ஸ் படிவத்தையும் எடுத்தார். மாப்பிள்ளைப் பையன் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். அப்பா சினிமாப் படப்பிடிப்புக்கு விளக்குகள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுபவர். நல்ல இடம். நாங்கள் மூன்று பேரும் ஜாதகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இத்த அப்பால பாக்கலாம், முதல்ல இதுக்கு பதில் சொல்லு" என்று பாலிசி அம்மா படிவத்தைத் தட்டினார். "இன்னாண்ணே, வூட்ல யாருக்குனா சுகரு, பிரஷரு, நெஞ்சு வலி எதுனா கீதா? இருந்தா இப்பவே சொல்லிடு. பின்னாடி தெரிஞ்சா பேஜாரு பண்ணுவானுங்க."

"இல்லையே" என்றோம் மூன்று பேரும். ஒரே குரலில்.

"இன்னா, பள்ளிக்கூடத்து ஜெபம் மாதிரி சொல்றீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஐயோ அக்கா, எனக்கா? பாருங்க" என்று என் மனைவி சிரித்துக்கொண்டே காபி டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். "இதுக்கு மேல போட்டா பாயசம்."

"அதான பாத்தேன். உனக்கு வந்தா ஊருக்கே வரணும்" என்று சொல்லிவிட்டு அவர் இங்கிலீஷில் எழுதினார். காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

அடுத்த ஆவணியில் பெண் பார்க்க வந்தார்கள், பிடித்துப்போனது, தேதி மட்டும் குறிக்கவில்லை, மற்றபடி சம்மதம் என்று பேசி முடித்தார்கள். பெண் பார்க்கும் அந்த நாளுக்காகப் பனகல் பார்க் பக்கம் பிளாட்பாரத்தில் என் மனைவி ஒரு புதுச் செருப்பு வாங்கினாள். அது இடது காலில் கடித்தது. மஞ்சள் வைத்தாள், எண்ணெய் வைத்தாள், யாரிடமும் சொல்லவில்லை. காலில் புண் ஆறவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள் அல்லவா. கால் கறுத்த பிறகுதான் எனக்குக் காட்டினாள். அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். அங்கே ஓர் இளம் டாக்டர், "எத்தனை வருஷமா சுகர்?" என்று கேட்டார். "ஆறு வருஷமா" என்றாள். அவள் வாயால் ஒரு வெளி மனிதரிடம் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலையில் ஆபரேஷன் செய்தார்கள். பணத்துக்காக ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போகவில்லை. என் முதலாளி கொடுத்தார், அவள் நகையும் போனது. இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். பதினோராம் நாள் போய்விட்டாள்.

அந்தக் காலத்து மருத்துவ இன்சூரன்ஸ் எப்படி என்றால், நாம் முதலில் கட்ட வேண்டும், பிறகு பில்களைக் கொடுத்துக் கேட்க வேண்டும். எல்லாப் பில்லையும் பாலிசி அம்மாதான் தேதிவாரியாக அடுக்கி நூல் போட்டுக் கட்டி ஆபீசில் கொடுத்தார். கருமாதி முடிந்து இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த வியாதியை மறைத்ததால் தர முடியாது என்று. அதை எங்களுக்குப் படித்துச் சொன்னவரும் பாலிசி அம்மாதான். பாதியில் நிறுத்தினார்.

"ஆறு வருஷமா கீதுன்னு போட்டுருக்கான்" என்றார். "நெஜமா?"

நான் தலையாட்டினேன்.

"அப்ப அந்தக் காபி?"

மகள் உள்ளே போய்விட்டாள்.

"எங்கிட்டயே ஆக்டிங் குடுத்தீங்களா" என்று சொல்லிவிட்டு அந்தக் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "சரி, செத்தவள திட்டிக்கினு இன்னா பண்றது. எனக்குத் தெரிஞ்ச பேப்பர்காரத் தம்பி ஒருத்தன் கீறான். இந்த இன்சூரன்ஸ் மேட்டரத்தான் எழுதிக்கினு கீறானாம். பேப்பர்ல வந்தா இவனுங்க கொஞ்சம் எறங்கி வருவானுங்க" என்றார். ஆக, அந்த நிருபரை என் வீட்டுக்குக் கூட்டி வந்ததும் அவரேதான்.

வார இதழ் ஒன்றின் நிருபர். முப்பது வயது இருக்கும், மரியாதையான பையன். கூட ஒரு புகைப்படக்காரர். பாலிசி அம்மா அவர்களை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். புகைப்படக்காரர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"சார், அந்த டி.வி.ய கொஞ்சம் நகத்தலாமா?"

நகர்த்த இடமில்லை. அதன் மேல் என் மனைவியின் பழைய புடவை ஒன்றைப் போட்டு மூடினார். மிக்சியை எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்தார். மனைவியின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். என் வீட்டிலேயே நான் விருந்தாளி மாதிரி நின்றேன்.

நிருபர் கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள்.

"படிவம் இங்கிலீஷ்லதானே சார் இருந்தது?"

"ஆமா."

"நீங்க படிச்சுப் பாக்கல?"

"இல்ல."

"ஏஜென்ட்டே எழுதி, கையெழுத்து மட்டும் வாங்கிக்கிட்டாங்க?"

"ஆமா. ஆனா..."

"சார், படத்த இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. நெஞ்சுக்கு நேரா" என்றார் புகைப்படக்காரர்.

தூக்கிப் பிடித்தேன். வெளிச்சம் அடித்தது. கண் கூசி நான் சுதாரிப்பதற்குள் நிருபர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த 'ஆனா'வை மறுபடி எடுத்து வைக்க எனக்குத் தெரியவில்லை. தைரியமும் இல்லை. வடபழனி வீட்டில் இன்னும் பேச்சு முறியவில்லை, தலை திவசத்துக்குள் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்காரர்களை மட்டும் குறை சொல்லிக்கொண்டு போவது எனக்கே பொறுக்கவில்லை.

அடுத்த வாரம் வந்தது. "காகிதம் கொன்ற தாய்" என்று தலைப்பு. முழுப் பக்கத்தில் நான் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் புடவை மூடிய டி.வி. ஏதோ மூட்டை மாதிரி தெரிந்தது. "டாக்டர்கள் தயார். கத்தி தயார். பணம்தான் தயாராக இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தது. அந்தத் தாய் கண்ணை மூடினாள்." இப்படி ஆரம்பம். மறுப்புக் கடிதம் வந்தது கருமாதிக்கு இரண்டு மாதம் கழித்து. கட்டுரையில் அது ஆபரேஷனுக்கு முன்பே வந்துவிட்டது. "கண்ணீர் மல்கச் சொன்னார் கணவர்" என்று இருந்தது. நான் அழவில்லை. அன்று எனக்குச் சளி பிடித்திருந்தது.

அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். நடுவில் ஒரு பத்தி. "நோய் இருப்பது அந்த அப்பாவிக் குடும்பத்துக்குத் தெரியும். கமிஷனுக்கு ஆசைப்பட்ட ஏஜென்ட் அதைக் கேட்கவே இல்லை. தானே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்." பக்கத்தில் கட்டம் கட்டி, தனியார் வந்தால் இந்த அவலம் தீரும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். நான் சொன்ன மூன்று பதிலும் உண்மை. மூன்றையும் சேர்த்து இப்படி ஒரு பொய் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்து தி. நகர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் கையில் ஒரு நோட்டீசைத் திணித்தார். தனியார் வரக் கூடாது என்பவர்களின் நோட்டீஸ். அதிலும் என் மனைவி இருந்தாள். அதே படம், மை அப்பிக் கறுத்துப்போய். தனியார் ஆஸ்பத்திரியின் பேராசைக்குப் பலியானவளாம். கடைசியில், "ஓர் ஏஜென்ட் செய்த மோசடிக்கு மக்களின் நிறுவனத்தைக் குறை சொல்வதா?" என்று இருந்தது. எல்லாவற்றிலும் அடித்துக்கொண்ட இரண்டு கட்சியும் பாலிசி அம்மா திருடி என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். நோட்டீஸ் கொடுத்தவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "படிச்சுப் பாருங்க சார், நம்ம ஜனங்களுக்கு நடக்கற கொடுமை" என்று என்னிடமே சொன்னார்.

கட்டுரையைப் பார்த்துவிட்டு வடபழனியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்தார். அவர் என் தோளில் கை வைத்தார்.

"சம்பந்தி, உங்க மேல தப்பே இல்ல. அந்தம்மா எங்ககிட்டயும்தான் மறைச்சிருக்கு. அம்மாவுக்கு சுகர்னு ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருந்தா நாங்க என்ன ஓடியா போயிருப்போம்? இனிமே தரகர் பேச்சே வேணாம், நாமளே நேரா பேசிக்கலாம்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மகள் அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள்.

அதற்கப்புறம் பாலிசி அம்மாவின் மொபெட் எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஜாதகம் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள் என்று கீழ்ப் போர்ஷனில் சொன்னார்கள். ஒரு புதன்கிழமை அவரே என் கடைக்கு வந்தார். நான் ஒரு அண்டாவில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அண்டாவின் மேல் வைத்தார். அவருடைய ஏஜென்ட் லைசென்சை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டு, விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் அன்னிக்கு சுகர் கீதான்னு கேட்டனா இல்லியா?"

"கேட்டீங்க."

"ரெண்டு தபா கேட்டனா?"

"கேட்டீங்க."

"அத்த எங்கிட்ட சொல்லி இன்னா? போட்டான் பாரு, அவன்கிட்ட போய் சொல்லு. இந்தத் தொழிலும் போச்சு, அந்தத் தொழிலும் போச்சு. பேப்பர்காரன நானே கூட்டியாந்து என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கினேன். எந்தப் புத்திகெட்டவளாவது செய்வாளா?"

கடையில் வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மெஷினை நிறுத்தியிருந்தேன். அவர் போன பிறகும் அதைப் போட வெகு நேரம் ஆனது.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுப் பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். நிருபர் உடனே அடையாளம் கண்டுகொண்டு நாற்காலி போட்டார், டீ சொன்னார்.

"சார், அது தப்பு" என்றேன்.

"எது சார்?"

"அந்தம்மா கேட்டாங்க. நாங்கதான் இல்லன்னு சொன்னோம்."

பேனாவைக் கீழே வைத்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்ல வந்தேன். படத்தத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாங்க."

அவர் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

"அப்புறம் ஆபரேஷன் பணத்துக்காக நிக்கல சார். ரெண்டாம் நாளே பண்ணிட்டாங்க. லெட்டர் வந்ததே அவ போன அப்புறம்தான்."

"அது சார், படிக்கறவங்களுக்கு ஒரு ஓட்டம் வேணும். அதுக்காகக் கொஞ்சம் முன்ன பின்ன வச்சோம்."

"செத்ததுக்கு அப்புறம் நடந்தத செத்ததுக்கு முன்னாடி வச்சிருக்கீங்க."

என் வாழ்க்கையில் நான் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "சார், நாங்க உங்க பக்கம்தான் எழுதியிருக்கோம். இப்ப நீங்களே உங்க பக்கம் இல்லன்னா நாங்க என்ன பண்றது? டெல்லியில மசோதா வர்ற நேரம். இப்பப் போய் காபி, ஜாதகம்னு எழுதினா ஜனங்களுக்கு என்ன புரியும்? குழம்பிடுவாங்க."

எனக்குத் தெரிந்து அந்த விஷயத்தில் காபியும் ஜாதகமும்தான் இருந்தன. வேறெதுவும் இல்லை.

"வேணும்னா லெட்டரா எழுதிக் குடுங்க. வாசகர் கடிதத்துல பாக்கலாம்" என்றார்.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். நோட்டுத்தாளில் இரண்டரைப் பக்கம். பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் வாத்தியார், யாருக்குக் கடிதம் எழுதினாலும் முதலில் நன்றி சொல்லித் தொடங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். அதனால், "உங்கள் இதழில் என் மனைவியைப் பற்றி அக்கறையோடு எழுதியதற்கு முதலில் நன்றி" என்று ஆரம்பித்து, பிறகு ஒன்றுவிடாமல் எழுதினேன். செருப்பு, பருப்பு டப்பா, எல்லாம். மகளை உட்காரவைத்து நகல் எடுத்து, தபாலில் போட்டேன். அச்சில் வந்தால் வடபழனியும் படித்துக்கொள்ளும், வாயால் சொல்லும் வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் நின்று இதழைப் பிரித்தேன். வாசகர் கடிதத்தில் மூன்றாவதாக இருந்தது. "உங்கள் இதழில் என் மனைவியைப் பற்றி அக்கறையோடு எழுதியதற்கு நன்றி." கீழே என் பெயர், மயிலாப்பூர். அவ்வளவுதான். 'முதலில்' என்ற சொல்லைக்கூட எடுத்துவிட்டார்கள். பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அட, உங்க பேரு வந்துருக்கு!" என்று சந்தோஷப்பட்டார். ஒரு பாத்திரத்தில் நான் இப்படிப் பாதிப் பெயரை வெட்டிக் கொடுத்திருந்தால் முதலாளி அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

வீட்டில் மகளிடம் நீட்டினேன். படித்துவிட்டு முதலில் சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். பிறகு இதழை மடித்து வைத்தாள்.

"விசாரணை என்னிக்குப்பா?"

"புதன்கிழம."

"நீங்க போய் நேரா சொல்லிடுங்க."

"சொன்னா வடபழனியிலயும் சொல்லணும். அங்க சொல்லாம இங்க மட்டும் சொல்ல முடியாது."

"தெரியும்." மடித்த இதழை அலமாரியில் செருகினாள். "அம்மா அந்தக்காவுக்குப் பயந்து குடிச்ச காபி போதும்ப்பா. அந்த வீட்டுக்குப் போயி நான் எத்தன வருஷம் குடிக்கறது?"

நான் எழுந்து போய் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்தேன்.

புதன்கிழமை தி. நகரில் இருந்த இன்சூரன்ஸ் கிளை ஆபீசுக்குப் போனேன். பாலிசி அம்மா வெளியே பெஞ்சில் ரெக்சின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேசையில் நாங்கள் கொடுத்த படிவம் இருந்தது, என் கையெழுத்தோடு. பக்கத்தில் அந்த வார இதழ்.

"வாங்க. நல்ல நேரத்துலதான் வந்தீங்க. பத்திரிகைல வந்ததால உங்க கேச கருணை அடிப்படைல திரும்பப் பாக்கச் சொல்லி மேல இருந்து வந்திருக்கு. ஏஜென்ட் கேக்கலன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா எங்களுக்கும் சுலபம், உங்களுக்கும் ஏதாவது கிடைக்கும்."

"அவங்க கேட்டாங்க சார்."

"இருங்க. அவசரப்படாதீங்க. கேட்டாங்கன்னு எழுதினா உங்களுக்கு ஒரு பைசா வராது. புரியுதா?"

"புரியுது சார்."

"யாராவது மிரட்டினாங்களா?"

"இல்ல சார்."

அவர் பெருமூச்சு விட்டு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். இந்தத் தடவை நான் நன்றி என்று ஆரம்பிக்கவில்லை. "ஏஜென்ட் அம்மா வியாதி இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். நானும் என் மனைவியும் மகளும் இல்லை என்று சொன்னோம். அவரே கல்யாணத் தரகர் என்பதால் அவரிடம் சொன்னால் மகளுக்கு வரன் தவறிவிடும் என்று பயந்தோம். அவர் நம்ப வேண்டும் என்று என் மனைவி அவர் எதிரில் சர்க்கரை போட்ட காபி குடித்தாள். அவர் மேல் ஒரு தவறும் இல்லை." கீழே கையெழுத்து, தேதி.

மேலாளர் இரண்டு முறை படித்தார். "காபியெல்லாம் எதுக்குங்க இதுல?"

"இருக்கட்டும் சார்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு ரப்பர் ஸ்டாம்ப் வைத்தார். கோப்பில் சேர்த்துக் கட்டினார். "சரி, அந்தம்மா மேல இருக்கற விசாரணைய முடிச்சுடறேன். பத்திரிகைக்கும் ஒரு விளக்கம் அனுப்பச் சொல்லவா?"

"வேணாம் சார். நன்றின்னு மட்டும் போடுவாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வெளியே வந்தேன். பாலிசி அம்மா எழுந்து நின்றார்.

"எழுதிக் குடுத்தியா?"

"குடுத்துட்டேன்."

"காபியுமா?"

"காபியும்."

"இத்த அன்னிக்கே அந்தத் தம்பிகிட்ட சொல்லிருந்தா நான் இந்த பெஞ்சத் தேச்சுக்கினு இருப்பனா? ஊரே என்ன ஃபிராடுன்னு சொல்லிக்கினு கீது." குரல் ஏறி இறங்கியது. பிறகு, "வடபழனிக்கு யாரு சொல்றது? நான் போவட்டா?" என்றார்.

"நான் போறேன்."

"நீ போயி வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்க வூட்ல ராச்சோறு ஆயிடும். சரி போ. நீயே சொன்னாத்தான் சரி."

12பி பஸ்ஸில் போனேன். மாப்பிள்ளையின் அப்பா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க சம்பந்தி" என்று குழாயை மூடிவிட்டு வந்தார். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் வராது என்று தெரியும். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கைத்துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"பத்திரிகைல வேற மாதிரில்ல போட்டிருந்தான்?"

"தப்பாப் போட்டுட்டாங்க."

"சரி, அவன் தப்பாப் போட்டான். நான் உங்க வீட்டுக்கு வந்து உங்க தோள்ல கை வச்சு, உங்க மேல தப்பில்லன்னு சொன்னேனே. அப்ப?"

நான் அவரைப் பார்த்துக் கை கூப்பினேன்.

"வியாதி பெரிசில்லைங்க" என்றார். சம்பந்தி என்று சொல்லவில்லை. "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்."

மறுநாள் காலை பாலிசி அம்மா மொபெட்டில் வந்து, மாடி ஏறாமல் கீழேயே நின்று ஹாரன் அடித்தார். வடபழனியிலிருந்து திருப்பிக் கொடுத்த ஜாதகத்தை மகளிடம் கொடுத்தார். ஓரத்தில் மஞ்சள் அழிந்திருக்கிறது, புதிதாக மூன்று ஜெராக்ஸ் எடுத்து வை, சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் ஒன்பதரை மணிக்குக் கடைக்குப் போனேன். முகூர்த்த நாள் இல்லை, கூட்டமும் இல்லை.